டவுனில் அடுக்ககமா, புறநகரில் தனி வீடா? புதுச்சேரி, கடலூரில் வீடு தேடுவோருக்கு ஒரு விளக்கம்

புதுச்சேரியில் வீடு தேடத் தொடங்கிய யாருடைய கைப்பேசியிலும் சில நாட்களில் விளம்பரங்கள் குவிந்துவிடும். "பாண்டி பஸ் ஸ்டாண்டிலிருந்து 15 நிமிடம்" என்ற வரி பெரிய எழுத்தில் இருக்கும். மனை எந்தக் கிராமத்தில், எந்த மாவட்டத்தில், எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதைத் தேடிப் பிடிக்க வேண்டும். டவுனில் இரண்டு படுக்கையறை அடுக்ககத்துக்குக் கேட்கும் பணத்தைவிடக் குறைவாக, வெளியே முன்வாசலும் கிணற்றடியும் முருங்கை வைக்க இடமும் உள்ள தனி வீடு கிடைக்கிறது. குழந்தைகள் உள்ள குடும்பம் உடனே தனி வீட்டின் பக்கம் சாய்வது இயல்புதான்.

ஆனால் மற்ற ஊர்களில் சதுர அடி விலையில் தொடங்கும் இந்தக் கணக்கை இங்கே அப்படித் தொடங்கினால் தவறான இடத்துக்குப் போய்ச் சேருவோம். இந்தப் பகுதியில் விலைக்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: மாநில எல்லை, தண்ணீர், தினசரிப் பாதை. அதே வரிசையில் பார்ப்போம்.

எது டவுன், எது புறநகர்

புதுச்சேரியின் பழைய ஆட்கள் டவுன் என்று சொல்வது சின்ன இடம்தான். கிழக்கே கடற்கரைச் சாலை, தெற்கே சுப்பையா சாலை, மேற்கே அண்ணா சாலை, வடக்கே சர்தார் வல்லபாய் படேல் சாலை. இந்த நான்குக்குள் அடங்கிய பகுதியில் இன்று நடுத்தரக் குடும்பம் வீடு வாங்குவது அபூர்வம். தெருப்பக்கம் திண்ணை வைத்த வீடுகளில் பலவும் தங்கும் விடுதியாகவோ காபிக் கடையாகவோ மாறிவிட்டன. சனி, ஞாயிறில் சொந்த வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது.

ஆகவே நடைமுறையில் டவுன் என்றால் இரண்டு நகராட்சிப் பகுதிகள். முத்தியால்பேட்டை, நெல்லித்தோப்பு, முதலியார்பேட்டை போன்றவை புதுச்சேரி நகராட்சி. லாஸ்பேட்டை, ரெட்டியார்பாளையம், மூலக்குளம் போன்றவை உழவர்கரை நகராட்சி. இவற்றுக்கு வெளியே அரியாங்குப்பம், வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் என ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். புறநகர் வீடுகள் பெரும்பாலும் முதல் மூன்றில்தான் எழும்புகின்றன.

கடலூரில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், முதுநகர் மூன்றும் சேர்ந்ததே ஊர். முதல் இரண்டுக்கும் நடுவே கெடிலம் ஓடுகிறது. கலெக்டர் அலுவலகமும் நீதிமன்றமும் மஞ்சக்குப்பத்தில். கடைத்தெருவும் பேருந்து நிலையமும் திருப்பாதிரிப்புலியூரில். கூத்தப்பாக்கம், கோண்டூர், பாதிரிக்குப்பம் என்று வெளியே விரிகிற பகுதிகளைப் புறநகர் என்று எடுத்துக்கொள்ளலாம். கடலூர் 2021-இல் மாநகராட்சியானது. ஊர் சிறியது என்பதால் டவுனுக்கும் புறநகருக்கும் உள்ள வித்தியாசம் புதுச்சேரி அளவுக்குக் கூர்மையாக இல்லை.

எல்லைக் கோடு: பலரும் கடைசியில் பார்ப்பது

புதுச்சேரிப் பகுதி ஒரே துண்டாக இல்லை. பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்த கிராமங்கள் 1954 நவம்பர் 1-இல் இந்தியாவோடு இணைந்தபோது எப்படிச் சிதறிக் கிடந்தனவோ அப்படியே யூனியன் பிரதேசமாயின. நடுநடுவே விழுப்புரம், கடலூர் மாவட்டக் கிராமங்கள் வரும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போங்கள். முத்தியால்பேட்டை முடிந்ததும் கோட்டக்குப்பம், அது தமிழ்நாடு. பொம்மையார்பாளையம் தாண்டிக் காலாப்பட்டு வந்தால் மறுபடி புதுச்சேரி. மேற்கே விழுப்புரம் சாலையில் வில்லியனூர் புதுச்சேரி, கண்டமங்கலம் தமிழ்நாடு, திருபுவனை மறுபடி புதுச்சேரி. தெற்கே கொஞ்சம் நிம்மதி: அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று முள்ளோடை வரை பெரும்பாலும் புதுச்சேரிதான். அதற்கப்புறம் கடலூர் மாவட்டம்.

இதனால் புதுச்சேரியின் புறநகர் என்று சொல்லி விற்கப்படும் மனைகளில் கணிசமானவை, பட்டானூரிலோ கோட்டக்குப்பத்திலோ ரெட்டிச்சாவடிப் பக்கமோ, தமிழ்நாட்டு மண்ணில் இருக்கின்றன. அதில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் வீடு மாறும்போது மாநிலமும் மாறுகிறது என்பதைக் குடும்பம் தெரிந்து மாற வேண்டும். என்னென்ன மாறும்?

1. பிள்ளைகளின் கல்லூரி இடம். புதுச்சேரியில் மருத்துவம், பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கு சென்டாக் என்ற மையச் சேர்க்கைக் குழு வழியாகச் சேர்க்கை நடக்கிறது. அரசு ஒதுக்கீட்டுக்குப் புதுச்சேரியில் குடியிருப்புச் சான்று தேவை. அதற்குத் தொடர்ந்து பல ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளையோடு லாஸ்பேட்டையிலிருந்து பட்டானூருக்குக் குடிபோகிற குடும்பம், வண்டியில் பத்து நிமிட தூரம் போவதாகத்தான் நினைக்கும். நான்கு ஆண்டு கழித்து விண்ணப்பம் நிரப்பும்போதுதான் அந்தப் பத்து நிமிடத்தின் விலை தெரியும். இந்த ஒரு காரணத்துக்காகவே, உயர்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளை உள்ளவர்கள் எல்லை தாண்டும் முடிவைத் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

2. பள்ளிப் பாடத்திட்டம். முன்பு புதுச்சேரி அரசுப் பள்ளிகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தைப் பின்பற்றின. இப்போது சிபிஎஸ்இ-க்கு மாறிவிட்டன. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை எல்லை மாறினால் பாடநூலும் தேர்வு முறையும் மாறும். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தமிழ்நாட்டில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. புதுச்சேரியிலும் 10 சதவீதம் தனியாக உண்டு. தமிழ்நாட்டின் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அந்த மாநில அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நடுவில் மாறியவர்கள் இரண்டிலும் தவறிப்போகும் ஆபத்து இருக்கிறது.

3. ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, அரசு உதவித் திட்டங்கள். தமிழ்நாட்டின் மகளிர் உரிமைத் தொகை ஒரு பக்கம், புதுச்சேரியின் குடும்பத் தலைவியர் உதவித்தொகை இன்னொரு பக்கம். முகவரி எங்கேயோ அங்கேதான் விண்ணப்பிக்க முடியும்.

4. வண்டி. புதுச்சேரியில் பதிவான பிஒய் எண் வண்டியைத் தமிழ்நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வைத்து ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டப்படி புதுப் பதிவு எண் வாங்க வேண்டும். சாலை வரியும் கட்ட வேண்டும். கோட்டக்குப்பத் தெருக்களில் எத்தனை பிஒய் வண்டி நிற்கிறது என்று எண்ணிப் பார்த்தால், இந்த விதியை ஊர் எப்படி எடுத்துக்கொண்டிருக்கிறது என்று புரியும். அதற்காக விதி இல்லாமல் போய்விடாது.

5. மின் கட்டணம். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரியில் மாதாமாதம் பில். கட்டண அடுக்குகளும் வேறு, நிர்ணயிக்கும் ஆணையமும் வேறு.

6. பத்திரம். தமிழ்நாட்டில் தனி வீடோ மனையோ வாங்கினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9 சதவீதம். புது அடுக்ககத்தின் முதல் விற்பனைக்கு, மதிப்பு 50 லட்சம் வரை இருந்தால் மொத்தம் 6 சதவீதம். புதுச்சேரிக்கு இந்த விகிதங்கள் பொருந்தாது. அங்கே தனி விகிதம், தனி வழிகாட்டி மதிப்பு. தரகர் சொல்லும் "எல்லாம் சேர்த்து" தொகை எந்த மாநிலக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மழைக்கால விடுமுறையையும் சேர்த்துக்கொள்ளலாம். கோட்டக்குப்பத்துக்கு விடுமுறை விடுவது விழுப்புரம் கலெக்டர். முத்தியால்பேட்டைக்கு விடுவது புதுச்சேரி அரசு. அம்மாவின் பள்ளிக்கு விடுமுறை, பிள்ளையின் பள்ளி திறந்திருக்கும் என்ற நாளும் வரும்.

தண்ணீர்: வருவதும் வற்றுவதும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் புதுச்சேரியில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. டவுன்காரர்கள் தப்பித்தார்கள் என்று சொல்ல முடியாது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான குடியிருப்புகள் எப்போதும்போல மூழ்கின. நகராட்சி எல்லைக்குள் இருக்கும் வீடு மேடான வீடு என்று நினைப்பது தவறு.

புறநகருக்கு வெள்ளம் வேறு விதமாக, ஒரு நாள் தாமதமாக வந்தது. திருவண்ணாமலை மாவட்டத்துச் சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலை விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. கடலூர் விளிம்பில் ஆற்றங்கரைக் கிராமங்களான நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி ஆகியவற்றுக்குள் தண்ணீர் புகுந்தது. புதுச்சேரி பக்கம் பாகூர் கொம்யூனின் தென்கோடிக் கிராமங்களும் தப்பவில்லை. மழை விட்ட பிறகு வந்த வெள்ளம் அது.

இதிலிருந்து வீடு வாங்குவோர் பிரித்துப் பார்க்க வேண்டியது இரண்டு வகை வெள்ளம். முதல் வகை, தெருவில் பெய்த மழை வடிய வழியில்லாமல் தேங்குவது. சில மணி நேரம் முதல் இரண்டு நாள் வரை நிற்கும், கழிவுநீரும் கலந்திருக்கும். டவுனின் பிரச்சினை பெரும்பாலும் இது. அடுக்ககத்தில் மேல்தளத்தில் இருந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கீழே நிற்கும் வண்டியும் லிப்ட் மோட்டாரும் போகும். இரண்டாவது வகை, எங்கோ பெய்த மழை ஆற்றிலும் ஏரியிலும் வந்து கரையை மீறுவது. தென்பெண்ணை, கெடிலம், சங்கராபரணி மூன்றின் ஓரங்களுக்கும் இது பொருந்தும். தரைத்தளத் தனி வீட்டுக்கு இதுதான் கடும் இழப்பு: கட்டில், பீரோ, பாடநூல், பத்திரம் எல்லாம் ஒரே மட்டத்தில் இருக்கும்.

புது மனைப்பிரிவுகள் ஏன் அடிக்கடி மாட்டிக்கொள்கின்றன? நல்ல மேட்டு நிலம் முன்னமே ஊராகிவிட்டது. மிச்சமிருப்பது நஞ்சை. வயல் என்பதே தண்ணீர் வந்து நிற்பதற்காக அமைந்த தாழ்வான நிலம். அதில் இரண்டடி செம்மண் கொட்டி ரோடு போட்டுக் கல் நட்டால் மனை. பக்கத்து வாய்க்கால் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை; மழை பெய்தால் அது பழைய வழியைத் தேடும். எனவே கிராம வரைபடத்தில் மனையின் சர்வே எண்ணைச் சுற்றி வாய்க்கால், ஓடை, ஏரி உள்வாய் என்று எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று பார்ப்பது, வாசலின் திசையைப் பார்ப்பதைவிட முக்கியம்.

புயல் காற்றும் கணக்கில் சேரும். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது, மின்கம்பங்கள் சாய்ந்த கிராமங்களில் மின்சாரம் திரும்ப வர நாள் கணக்கில், சில இடங்களில் வாரக் கணக்கில் ஆனது. டவுனுக்குத்தான் முதலில் இணைப்பு வரும். வரிசையில் புறநகர் பின்னால். மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் இல்லை என்ற தனி வீட்டில் அந்த நாட்கள் எப்படிப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நிலத்தடி நீர். புதுச்சேரி டவுனுக்குத் தண்ணீர் வெளியிலிருந்து வருவது புதிய கதை அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் முத்திரையர்பாளையத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்ததன் நினைவாகத்தான் பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் நிற்கிறது. கடலோரக் கிணறுகளில் நீரை அதிகம் உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே வரும்; டவுனிலும், தெற்கே கடற்கரையை ஒட்டிய சில கிராமங்களிலும் இது நடந்திருக்கிறது. உள்ளே தள்ளி, கடலூர் மணற்பாறை என்று நிலவியலாளர்கள் அழைக்கும் அடுக்கின் மேல் இருக்கும் ஊர்களில் போர் தண்ணீர் பொதுவாக நன்றாக இருக்கும். ஆனால் ஆழம் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. கடலூரில் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டிய கிராமங்களில் நிலத்தடி நீர், காற்று இரண்டைப் பற்றியும் மக்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொல்லி வருகிறார்கள். சிதம்பரம் சாலையில் மனை மலிவாகக் கிடைத்தால் அந்தத் தூரத்தையும் அளந்து பாருங்கள்.

எங்கே வாங்கினாலும், பக்கத்து வீட்டு போரின் ஆழத்தையும் தண்ணீரின் டிடிஎஸ் அளவையும், அதாவது அதில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவையும், கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரக் குறியீட்டில் விரும்பத்தக்க வரம்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்; வேறு ஆதாரம் இல்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. 500-க்கும் 2,000-க்கும் நடுவில் இருக்கும் தண்ணீரில் குளிக்கலாம், துவைக்கலாம்; குடிக்க வடிகட்டி வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கடலைப் பார்த்து வீடு வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக ஒன்று. புதுச்சேரித் துறைமுகத்தின் கல் கரைகள் கட்டப்பட்ட பிறகு, தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் தடைபட்டு, வடக்கே உள்ள கடற்கரைகள் அரிக்கத் தொடங்கின. கோட்டக்குப்பத்திலிருந்து பொம்மையார்பாளையம் வரை மீனவர் குப்பங்கள் வீடுகளை இழந்திருக்கின்றன. இதோடு கடற்கரை ஒழுங்குமுறை மண்டலக் கட்டுப்பாடும் உண்டு. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் எல்லை. அந்தப் பட்டைக்குள் மனை இருந்தால் என்ன கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்பதை முதலில் எழுத்தில் வாங்க வேண்டும்.

தினசரிப் பாதை

புதுச்சேரியில் தூரத்தைக் கிலோமீட்டரில் சொல்வதில் அர்த்தம் குறைவு. எத்தனை சந்திப்பைக் கடக்க வேண்டும் என்று கேட்க வேண்டும். தெற்கிலிருந்து வருபவர்களுக்கு அரியாங்குப்பம் பாலம், முருங்கப்பாக்கம், மரப்பாலம். மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வருபவர்களுக்கு இந்திரா காந்தி சதுக்கம், ராஜீவ் காந்தி சதுக்கம். காலை எட்டரையிலிருந்து ஒன்பதரை வரை இந்த இடங்களில் பள்ளி வேன், தொழிற்சாலைப் பேருந்து, சுற்றுலாக் கார், இரண்டு மாநில அரசுப் பேருந்துகள் எல்லாம் ஒன்றாக நிற்கும்.

இதில் மறந்துபோவது வீட்டிலுள்ள முதியவர்களின் பாதை. ஜிப்மர் மருத்துவமனை கோரிமேட்டில், ஊரின் வடமேற்கு விளிம்பில் இருக்கிறது. பாகூர் பக்கத்திலிருந்து மாதம் ஒருமுறை அங்கே போக வேண்டிய அப்பாவுக்கு, முழு டவுனையும் குறுக்கே கடப்பதுதான் பயணம். அதே அப்பாவுக்குத் திண்டிவனம் சாலையை ஒட்டிய வீடு, டவுன் வீட்டைவிடவும் வசதி. இப்படி ஒரே புறநகர் ஒரு குடும்பத்துக்குப் பக்கமாகவும் இன்னொன்றுக்குத் தூரமாகவும் இருக்கும்.

கடலூரில் வேலை, புதுச்சேரியில் பள்ளி என்று பிரிந்திருக்கும் குடும்பங்களும் இங்கே நிறைய. இரண்டு ஊர்களுக்கும் இடையே 20 கிலோமீட்டர் சொச்சம்தான். கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் போன்ற நடுவழி ஊர்கள் இவர்களுக்கு நியாயமான தேர்வு: இருவருமே எதிரெதிர்த் திசையில் பாதித் தூரம் போனால் போதும். புறநகர் வீடு தெளிவாக வெல்லும் இடம் இது ஒன்று.

பணக்கணக்கு

இப்போது விலைக்கு வரலாம். கணக்குக்காக மட்டும் இரண்டு எண்களை எடுத்துக்கொள்வோம்: லாஸ்பேட்டையில் 55 லட்சத்துக்கு அடுக்ககம், கிருமாம்பாக்கம் பக்கம் 45 லட்சத்துக்குத் தனி வீடு. வித்தியாசம் 10 லட்சம். இதை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாகப் பார்த்தால் மாதத் தவணை சுமார் 8,680 ரூபாய். தனி வீட்டின் மாதச் சேமிப்பு அவ்வளவு. அடுக்ககத்தில் பராமரிப்புக் கட்டணம் மாதம் 2,000 என்று வைத்தால், தனி வீட்டின் சாதகம் 10,680.

எதிர்ப்பக்கம் என்ன? கணவன் மனைவி இருவரும் டவுனில் வேலை, இரண்டு பேருக்கும் ஒரு வழிக்கு 12 கிலோமீட்டர் கூடுதல் என்று வைப்போம். மாதம் 25 நாளுக்கு ஆளுக்கு 600 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் தரும் இருசக்கர வண்டியில் இருவருக்கும் சேர்த்து பெட்ரோல் சுமார் 2,500 ரூபாய். இரண்டு பிள்ளைகளுக்கு வேன் கட்டணத்தில் கூடுதலாக 3,000. வடிகட்டி, இன்வெர்ட்டர் பேட்டரி, செப்டிக் டேங்க் லாரி ஆகியவற்றை மாதமாகப் பிரித்தால் ஒரு 700. மொத்தம் 6,200. ஆக, பணத்தில் புறநகர் மாதம் நாலாயிரத்துச் சொச்சம் மிச்சம் காட்டுகிறது. அதுவும் வண்டித் தேய்மானத்தைச் சேர்க்காமல்.

நேரம் தனி. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் 24 கிலோமீட்டருக்கு 48 நிமிடம். மாதம் ஆளுக்கு 20 மணி நேரம், இருவருக்கும் 40. நாலாயிரத்துச் சொச்ச ரூபாய்க்கு நாற்பது மணி நேரம். உங்கள் வீட்டில் இந்த பேரம் சரியா என்பதுதான் கேள்வி. ஒருவர் மட்டும் டவுனுக்குப் போய், மற்றவர் வீட்டிலிருந்தோ அருகிலோ வேலை செய்தால் பெட்ரோலும் நேரமும் பாதியாகும். அப்போது புறநகர் பக்கம் தராசு நன்றாகவே சாயும்.

மறுபடி விற்கும்போது என்ன கிடைக்கும் என்பதும் கணக்கில் உண்டு. கட்டடத்தின் மதிப்பு ஆண்டுதோறும் குறையும், நிலத்தின் மதிப்புதான் ஏறும். அடுக்ககத்தில் உங்களுக்கு உரிய நிலம், பத்திரத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதியிருக்கும் அளவுதான். 950 சதுர அடி வீட்டுக்கு 350 அல்லது 400 சதுர அடி நிலம் என்று இருப்பது சாதாரணம். தனி வீட்டில் 1,200 சதுர அடி மனை முழுதும் உங்களுடையது. ஆனால் டவுன் நிலமும் வெளி நிலமும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வாங்கியவர் எல்லாரும் காலியாகவே போட்டு வைத்திருக்கும் மனைப்பிரிவில் விலை காகிதத்தில்தான் ஏறும். அவசரத்துக்கு விற்கப் போனால் ஆள் கிடைக்காது. வாடகைக்கு விடுவதும் அப்படியே. லாஸ்பேட்டை வீட்டுக்குக் கல்லூரி ஆசிரியரோ மருத்துவமனை ஊழியரோ ஒரு வாரத்தில் குடிவருவார். உள்ளடங்கிய நகரில் மாதக் கணக்கில் பூட்டியே கிடக்கலாம்.

வங்கிக் கடனில் இரண்டு விஷயம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையான வீட்டுக் கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம் வரையும், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம் வரையும் கொடுக்கலாம். பத்திரச் செலவு பொதுவாக இந்த மதிப்பில் சேராது. கையிலிருந்துதான் போக வேண்டும். மனை வாங்கிப் பிறகு கட்டுவதாக இருந்தால் பதிவுச் செலவு மனைக்கு மட்டும் என்பதால் குறையும். ஆனால் கட்டி முடிக்கும்வரை குடியிருக்கும் வீட்டு வாடகை, கடன் வட்டி இரண்டும் ஒரே நேரத்தில் ஓடும். மேஸ்திரி சொல்லும் எட்டு மாதம் பன்னிரண்டாகும் என்று முன்கூட்டியே வைத்துக்கொள்வது நல்லது.

காகிதங்கள்

இங்கே சுருக்கமாகவே போதும். வழக்கறிஞரிடம் கொடுத்துச் சரிபார்ப்பது எப்படியும் அவசியம்.

1. தமிழ்நாட்டுப் பக்கம் மனை என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கிறது" என்ற பேச்சை நம்ப வேண்டாம். மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு இல்லை. 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குத் தடை விதித்து, 2017-இல் வரன்முறைத் திட்டம் வந்தது. பழைய பிரிவில் வாங்கினால் அந்த வரன்முறை உத்தரவைக் கேளுங்கள்.

2. புதுச்சேரிப் பக்கம் நகர அமைப்புக் குழுமத்தின் ஒப்புதல். பத்திரத்தில் பரப்பு ஆர், சென்டியார் கணக்கில் இருக்கும். ஊரில் குழிக் கணக்கில் பேசுவார்கள். ஒரு ஆர் 100 சதுர மீட்டர், அதாவது சுமார் 1,076 சதுர அடி. சதுர அடியில் பேசி ஆரில் எழுதும்போது வரும் வித்தியாசத்தை அளந்து சரிபாருங்கள்.

3. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ வரும் திட்டத்துக்கு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். தமிழ்நாட்டுக்கு ஒரு ஆணையம், புதுச்சேரிக்கு வேறு. எண்ணை மனை இருக்கும் மாநில ஆணையத்தின் தளத்தில் தேட வேண்டும்.

4. வில்லங்கச் சான்று குறைந்தது 30 ஆண்டுக்கு. கோயில் நிலமா, நீர்நிலைப் புறம்போக்கா என்பதை வருவாய்ப் பதிவேட்டில் தனியாகப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் அது தெரியாமல் போகலாம்.

வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம்

இவ்வளவையும் வைத்துப் பார்த்தால், இருவரும் டவுனில் வேலை பார்க்கும், பத்தாம் வகுப்பை நெருங்கும் பிள்ளைகள் உள்ள குடும்பம் நகராட்சி எல்லைக்குள்ளேயே, முதல் மாடி அல்லது அதற்கு மேல் இருப்பது நல்லது. சின்னப் பிள்ளைகள், ஒருவர் மட்டும் தினமும் வெளியே போகிற வேலை, கூடவே இருக்கும் பெற்றோர் என்றால், புதுச்சேரி எல்லைக்குள்ளேயே மேடான புறநகரில் தனி வீடு பொருந்தும். கடலூர்க்காரர்களுக்கு நான் டவுன் அடுக்ககத்தைப் பெரிதாகச் சிபாரிசு செய்யமாட்டேன். ஊர் சிறியது, கூத்தப்பாக்கத்திலிருந்து மஞ்சக்குப்பம் போவதற்கு யாரும் 20 மணி நேரத்தை இழப்பதில்லை. அங்கே பார்க்க வேண்டியது கெடிலத்திலிருந்தும் தென்பெண்ணையிலிருந்தும் உள்ள தூரம் மட்டும்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும், வாங்க நினைக்கும் அதே பகுதியில் முதலில் வாடகைக்கு இருந்து பார்ப்பது கட்டுப்படியாகும். பள்ளி மாற்றம் இல்லாத தூரமாக இருந்தால் இன்னும் எளிது. வழக்கமான 11 மாத ஒப்பந்தத்தை ஆகஸ்டில் தொடங்கினால், ஐப்பசி, கார்த்திகை இரண்டும் அதற்குள் வரும், சித்திரை வெயிலும் வரும். மழையில் தெருவில் எவ்வளவு நேரம் தண்ணீர் நிற்கிறது, எந்தப் பக்கம் வடிகிறது, கரண்ட் போனால் எப்போது வருகிறது, மே மாதத்தில் போர் எத்தனை நிமிடம் இறைக்கிறது என்பதெல்லாம் வீட்டிலிருந்தே தெரியும். பக்கத்து வீட்டுச் சுவர்களில் பழைய வெள்ளத்தின் கறை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தால் அந்த வீட்டுப் பாட்டியிடம் கேளுங்கள். அட்வான்ஸ் கொடுப்பதை மட்டும் தை பிறக்கும்வரை தள்ளிப்போடுங்கள்.